இல்லமும் பள்ளியும்: பதினேழு என்ற எண் சொல்லாத செய்தி



சென்ற ஆண்டு ஒரு மாலை வேளையில், மும்பையில் நம்மவர்கள் நெருங்கி வாழும் பகுதியில், ஒரு சகோதரியின் வீட்டில் அமர்ந்திருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, கணவர் கையில் கொடுத்துத் தெருத்தெருவாய் விற்க அனுப்பும் குடும்பம் அது. மறுநாளுக்கான மாவு கிரைண்டரில் அரைபட்டுக்கொண்டிருந்தது. அச்சமயம் வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி ஒலித்தது. ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளின் பள்ளியிலிருந்து, செயலி வழியாக ஒரு செய்தி வந்திருந்தது.

அந்தத் தாயார் திருநெல்வேலிச் சீமையில் எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர். ஆங்கிலத்தில் வந்த செய்தியை மகளிடமே நீட்டி, "ஏட்டி, என்ன போட்டிருக்கு, வாசி" என்றார். மகள் ஒரு கணம் திரையைப் பார்த்தாள். "கணக்குப் பரீட்சை நல்லா எழுதியிருக்கேன்னு போட்டிருக்கும்மா" என்றாள்.

கைப்பேசி என் பக்கமாய்த்தான் இருந்தது. 40 மதிப்பெண்ணுக்கு 17. வகுப்பின் சராசரி 26. பக்கத்தில் கீழ்நோக்கிய சிவப்பு அம்பு ஒன்று. தாயார் என் முகத்தைப் பார்த்தார். பொய்க்குத் துணைபோக எனக்கு மனமில்லை. அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. "விடைத்தாள் கொடுத்தார்களா, அம்மா?" என்று மட்டும் சிறுமியிடம் கேட்டேன். அவள் தலைகுனிந்தபடி, பையின் அடியிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து வைத்தாள். தாயார் எண்ணைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். கை ஓங்கியது. என்னைக் கண்டு தாழ்ந்தது.

அந்தத் தாளை நாங்கள் மூவரும் தரையில் விரித்துப் பார்த்தோம். இழந்தவை 23 மதிப்பெண்கள். அவற்றுள் 14 ஒரே தவற்றினால் போயிருந்தன. நான்கில் மூன்றையும் இரண்டில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி, ஆறில் நான்கு என்று எழுதியிருந்தாள். எல்லாப் பின்னக் கணக்குகளிலும் இதே பிழை. தமிழில் அதைச் சொன்னதும் தாயார் சட்டென்று கேட்டார்: "முக்காக் கிலோ அரிசியும் அரைக் கிலோ அரிசியும் சேந்தா எவ்வளவுட்டி?" சிறுமி யோசிக்கவே இல்லை: "ஒன்னேகால் கிலோ." பிறகு தன் தாளைப் பார்த்தாள். ஆறில் நான்கு என்பது முக்காலையும்விடக் குறைவு. முக்கால் கிலோவோடு அரைக் கிலோவைச் சேர்த்தால் அரிசி குறைந்து போகுமா? அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வாய்க்குத் தெரிந்த கணக்கு தாளுக்குத் தெரியவில்லை. இதுதான் அவளுடைய குறை. திரையில் வந்த 17 என்ற எண் பொய்யல்ல. ஆனால் இந்த உண்மையை அது சொல்லவில்லை. காய்ச்சல்மானி உடம்பில் சூடு உண்டென்று சொல்லும். எந்த நோயென்று சொல்லாது, மருந்தும் தராது. அதைப் போலவே மதிப்பெண்ணும். நம்மில் அநேகர் காய்ச்சல்மானியைப் பார்த்துவிட்டு நோயாளியை அடிக்கிறோம். ஆகவே இம்மாதம் தேர்வுகளையும், அவற்றினுள் வந்து புகுந்திருக்கும் இயந்திரங்களையும் குறித்துச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மாறி மாறி வந்த முறைகள்

நம் பிள்ளைகளில் பலர் மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் படிக்கின்றனர். 2009ஆம் ஆண்டு அப்பள்ளிகளில் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு என்ற முறை அறிவிக்கப்பட்டது. ஆண்டின் இறுதியில் ஒரே தேர்வு என்ற பாரத்தைக் குறைத்து, ஆண்டு முழுவதும் பிள்ளையைக் கவனித்து மதிப்பிட வேண்டும் என்பது அதன் நோக்கம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் விருப்பத் தேர்வாயிற்று. மதிப்பெண்ணுக்குப் பதிலாகத் தரநிலை எழுத்துகள் வந்தன. நோக்கம் நல்லதே. நடந்தது என்ன? செயல்திட்டம் என்ற பெயரில் பிள்ளைக்குக் கொடுத்த வேலையைத் தகப்பனார் இரவில் செய்தார். அல்லது தெருமுனை பிரவுசிங் சென்டரில் பணம் கொடுத்து அச்செடுத்து வந்தோம். ஆசிரியர்களோ பதிவேடுகளை நிரப்பிக்கொண்டிருந்தனர். அரியானா மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் இம்முறையை ஆராய்ந்தவர்கள், அதனால் பிள்ளைகளின் கற்றல் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை என்று கண்டனர். முடிவில் 2018ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மறுபடியும் கட்டாயமாயிற்று.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அடிக்கடி அளப்பதனால் மட்டும் பிள்ளை வளர்ந்துவிடாது. அளந்த பின்பு போதிக்கும் விதம் மாறினால்தான் அளந்ததற்குப் பயன்.

இன்னொரு மாற்றத்தையும் கவனியுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தலாகாது என்றது. 2019ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு, 5 மற்றும் 8ஆம் வகுப்புகளில் தேர்வு நடத்தி நிறுத்திவைக்கும் உரிமை அரசுகளுக்குக் கொடுக்கப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு அதற்குரிய விதியை வெளியிட்டது. தேர்ச்சி பெறாத பிள்ளைக்குக் கூடுதல் போதனையும், இரண்டு மாதத்திற்குள் மறுதேர்வும் உண்டு. அதிலும் தவறினால் அதே வகுப்பில் இருக்க நேரிடும். மாநிலங்கள் தங்கள் பள்ளிகளுக்குத் தாங்களே முடிவு செய்யலாம். மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாழும் நாம், ஊரில் அக்கா மகனுக்கு உள்ள விதியே இங்கே நம் மகனுக்கும் இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. பள்ளியில் நேரே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பிலும் ஒரு புதுமை வந்தது. 2026 முதல் ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வுகள். முதலாவது தேர்வை எல்லாரும் எழுத வேண்டும். இரண்டாவது, மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள விரும்புவோருக்கும் சில பாடங்களில் தவறியோருக்கும் உரியது. ஒரே நாளின் தலைவலியோ காய்ச்சலோ ஒரு பிள்ளையின் வழியை அடைத்துவிடாதிருக்க இது நல்ல ஏற்பாடு.

இயந்திரத்தால் ஆவதும் ஆகாததும்

வட்டத்தை நிரப்பும் விடைத்தாள், கணினித் திரையில் தேர்வு, கைப்பேசியில் முடிவு என்று வந்துவிட்ட இக்காலத்தில், "கம்ப்யூட்டர் சொன்னால் தப்பாகாது" என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியல்ல.

மும்பை வாசகர்கள் 2017ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டு மும்பைப் பல்கலைக்கழகம், விடைத்தாள்களை வருடிப் படமாக்கித் திரையிலேயே திருத்தும் முறையைப் போதிய ஆயத்தமின்றி ஒரேயடியாகக் கொண்டுவந்தது. பதினேழு இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைத்தாள்கள். முடிவுகள் மாதக்கணக்கில் தாமதமாயின. மேற்படிப்புக்கு இடம் கிடைத்தவர்கள் மதிப்பெண் பட்டியலின்றித் தவித்தனர். அக்டோபரில் துணைவேந்தர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். திரையில் திருத்துவது தன்னில்தானே தவறான காரியமல்ல. கூட்டல் பிழை அதில் குறையும். ஆயினும் திருத்துகிற மனிதனுக்குப் பயிற்சியும் நேரமும் கொடாமல் இயந்திரத்தை மட்டும் வாங்கினால், அதன் விலையை மாணவனே செலுத்துகிறான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆந்திரப் பிரதேசத்தின் அரசுப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வில், வழக்கம்போல் தாளில் நடத்திய தேர்வுகள் பிள்ளைகளின் திறனை மிகைப்படுத்திக் காட்டின. பலகைக் கணினியில் நடத்திய தேர்வுகளோ உண்மைக்கு நெருங்கி நின்றன. இல்லாத திறனை உண்டென்று காட்டும் மதிப்பெண் பிள்ளைக்கு இரக்கம் செய்வதுபோல் தோன்றும். ஆனால் உதவி வர வேண்டிய வழியை அது அடைத்துவிடுகிறது.

கணினியால் கற்பித்தலுக்கும் உதவ முடியும் என்பதற்கு டெல்லியில் ஒரு சான்று உண்டு. 2015ஆம் ஆண்டு, எளிய குடும்பங்களின் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம், பள்ளி நேரத்திற்குப்பின் கணினிவழிக் கற்பித்தல் மையங்களில் முரளிதரன், அபிஜித் சிங், கணிமியன் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினர். அதில் தெரிந்த முதல் உண்மை நம்மைத் திடுக்கிடச் செய்வது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தனர். ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்புகளாய் வளர்ந்திருந்தது. அதாவது, வகுப்பறையில் ஆசிரியர் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை நடத்த, கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை ஐந்தாம் வகுப்பை இன்னும் தாண்டவில்லை. அம்மையத்தின் மென்பொருள் முதலில் பிள்ளை உண்மையாகவே எங்கே நிற்கிறது என்று சோதித்து, அங்கிருந்து பாடத்தைத் தொடங்கியது. நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் காணப்பட்டது.

கணினி இருந்ததனால் மட்டும் இது நடக்கவில்லை என்பதை உணருங்கள். பிள்ளை நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து கைபிடித்து நடத்தியதே இரகசியம். அந்த இட்லி வீட்டுத் தாயார் முக்கால் கிலோவும் அரைக் கிலோவும் என்று கேட்டபோது செய்ததும் அதுவே. அதற்கு மின்சாரம் தேவைப்படவில்லை.

மூத்த பிள்ளைகளை உடையவர்களுக்கு ஒரு வார்த்தை. பொறியியல் நுழைவுக்கான தேசியத் தேர்வு 2019 முதல் கணினியில், பல நாட்களில், வெவ்வேறு வினாத்தாள்களோடு நடைபெறத் தொடங்கியது. 2021 முதல் அதைத் தமிழிலும் எழுத வாய்ப்பு வந்தது. அதில் வரும் 90 என்ற எண், நூற்றுக்கு 90 மதிப்பெண் அன்று. அந்த வேளையில் எழுதிய நூறு பேரில் 90 பேர் அவனுக்குச் சமமாகவோ குறைவாகவோ எடுத்தனர் என்பதே பொருள். இதை அறியாத தகப்பனார், 90 வாங்கியும் நல்ல கல்லூரி கிடைக்கவில்லையே, மகன் எதையோ மறைக்கிறான் என்று சந்தேகித்த வீடுகள் உண்டு. இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் மேலே உள்ள பத்துப் பங்கு என்பதே பெருங்கூட்டம் என்பதை நினைவில் வையுங்கள்.

எண்ணா, எழுத்தா?

1988ஆம் ஆண்டு ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரவேல் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார். சிலருக்கு மதிப்பெண் மட்டும் கொடுத்தார், சிலருக்கு எது சரி, எதைத் திருத்த வேண்டும் என்ற குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்களே அடுத்த முறை முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை என்பதே வியப்பு. எண்ணைக் கண்டதும் பிள்ளையின் கண் குறிப்பை விட்டு விலகிவிடுகிறது. பத்து ஆண்டுகளுக்குப்பின், 1998இல், இங்கிலாந்தின் பால் பிளாக், டைலன் வில்லியம் என்ற இருவர் இதுபோன்ற பல ஆய்வுகளைத் தொகுத்து, வகுப்பறைக்குள் அன்றாடம் நடக்கும் மதிப்பீடும் அதைத் தொடரும் திருத்தமுமே கற்றலை உயர்த்தும் என்று எடுத்துக்காட்டினர்.

இப்போது நம் கைப்பேசிகளைப் பாருங்கள். பல பள்ளிச் செயலிகள் எண்ணை உடனே அனுப்புகின்றன. ஆசிரியரின் சிவப்பு மைக் குறிப்போ பையின் அடியில் மடங்கிக் கிடக்கிறது. விரைவாய் வருவது எண்; உதவி செய்வது எழுத்து.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, விடைத்தாளைக் கேளுங்கள். "எத்தனை மார்க்?" என்பது இரண்டாம் கேள்வியாக இருக்கட்டும். பொதுத்தேர்வில்கூட, தன் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மாணவனுக்கு உண்டு என்று 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படியானால் ஏழாம் வகுப்பு விடைத்தாளைப் பார்க்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

இரண்டாவது, தவறுகளை மூன்றாகப் பிரியுங்கள். தெரியாமல் விட்டது, தெரிந்தும் தவறியது, கேள்வியே புரியாமல் போனது. முதலாவதற்குப் போதனை வேண்டும், இரண்டாவதற்குப் பயிற்சி, மூன்றாவதற்கு மொழி. மூன்றுக்கும் ஒரே டியூஷன் மருந்தாகாது.

மூன்றாவது, வீட்டில் தமிழில் கேளுங்கள். கால், அரை, முக்கால், ஒன்றேகால் என்று அளந்து பேசும் மொழி நம்முடையது. தராசும் படியும் உள்ள வீட்டில் பின்னத்தைப் போதிக்க ஆங்கிலம் வேண்டியதில்லை. எனக்குப் படிப்பில்லையே என்று எந்தத் தாயும் பின்வாங்க வேண்டாம்.

நான்காவது, புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும்போது பாடம் அதிக நாள் தங்குகிறது என்பதை 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இருவரின் ஆய்வு காட்டியது. இதற்கு மதிப்பெண் போட வேண்டாம். தவறினால் புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும். பயமில்லாத தேர்வு இதுவே.

ஐந்தாவது, பிள்ளையைத் தன் சொந்தத் தீர்ப்புக்கு மொழிபெயர்ப்பாளனாக்க வேண்டாம். அந்தச் சிறுமியின் பொய்க்கு அவள் மட்டுமா காரணம்? தன் தண்டனையைத் தானே வாசிக்கும்படி நாம் நீட்டினோம். பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கள். ஆங்கிலமோ மராத்தியோ தெரிந்த கல்லூரிப் பிள்ளை ஒருவரை அயல் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லுங்கள். ஆசிரியரிடம் ஒரே கேள்வி போதும்: "என் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது?"

சபையில் நாம்

ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது; பொறுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி மாதம் வந்தால் நம் சபைகளில் தேர்வு எழுதும் பிள்ளைகளை முன்னே வரச்சொல்லி ஜெபிக்கிறோம். நுழைவுச்சீட்டையும் பேனாவையும் கையில் பிடித்தபடி எல்லாப் பிள்ளைகளும் நிற்கின்றனர். மே மாதத்தில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் யார்? 90க்கு மேல் வாங்கியவர்கள் மட்டுமே. 48 வாங்கிய மகன் கடைசி வரிசையில் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்காகவும்தானே ஜெபித்தோம்? ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று, "என்ன மார்க் தம்பி?" என்று கேட்கிறவர்கள் நாமே. அன்றைக்கு அவன் பின்வாசல் வழியாய்ப் போய்விடுகிறான். சில மாதங்களில் சபைக்கே வராமற்போகிறான்.

இது சிறிய காரியமன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். எல்லாவற்றுக்கும் தேர்வே காரணம் என்று சொல்ல இயலாது. ஆயினும் தேர்வு முடிவு வரும் வாரத்தில், உண்ணாமல், பேசாமல், உறங்காமல் இருக்கும் பிள்ளையைத் தனியே விடாதிருங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணை அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். ஜெபிக்கிற வீட்டில் இந்த எண்ணையும் சுவரில் எழுதி வைப்பது அவிசுவாசமல்ல.

அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு நாள் மாலையும் மாவு அரைபடும் நேரத்தில், தாயார் கேட்க, மகள் சொல்ல, தாளில் எழுதிப் பார்த்தார்கள். இரண்டு மாதம் கழித்து அடுத்த தேர்வு. நான் மறுபடி அவ்வீட்டுக்குச் சென்றபோது அதைக் குறித்துக் கேட்டேன். 40க்கு 21 வாங்கியிருந்தாள். வகுப்பின் சராசரியை இம்முறையும் எட்டவில்லை. ஆனால் பின்னக் கணக்குகள் அத்தனையும் சரி. இம்முறை தவறியது கோணங்களில்.

செய்தி வந்த அன்று கைப்பேசியை எடுத்தது மகள்தானாம். தாயார் கேட்கும் முன்பே, "அம்மா, இருபத்தொண்ணு" என்றாளாம். பிறகு பையைத் திறந்து, மடிக்காத தாளை எடுத்து நீட்டினாளாம்.

இம்மாதம் உங்கள் வீட்டிலும் ஒரு விடைத்தாளைத் தரையில் விரித்துப் பாருங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.